புல்லி போச்சுன்னா டைனமோவையே மாத்தணுமா?

டீசல் வண்டி வெச்சிருக்கிறவங்ககிட்ட முதல்ல சில கேள்வி. இன்ஜினை நிறுத்துற அந்த நொடியில பானட்டுக்குள்ள 'கீச்'னு ஒரு சத்தம் வருதா? ஐடிலிங்ல நிக்கும்போது பானட்டைத் திறந்து பார்த்தா பெல்ட் நடுங்குதா? பெல்ட்டை இழுத்துப் பிடிச்சிருக்கிற டென்ஷனர் ஒரு இடத்துல நிக்காம குதிச்சுக்கிட்டே இருக்கா? ஆமான்னா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுட்டுப் போங்க. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் ஆகலாம்.

என் வண்டி 2014 மாடல் டீசல் ஹாட்ச்பேக். எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்ல. ஓடி ஓடித் தேய்ஞ்ச வண்டியில, அதுவும் வெள்ளத்துல நின்ன வண்டியில வந்த கோளாறுக்கு கம்பெனிய இழுக்கிறது நியாயம் இல்ல. வீடு விழுப்புரம் சாலாமேடு, வேலை திண்டிவனத்துல. நடுவுல விக்கிரவாண்டி டோல்கேட், கூட்டேரிப்பட்டு. ஒரு பக்கம் 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாலு வழிச்சாலையில சத்தம் எதுவும் தெரியாது. டோல்கேட் வரிசையில நிக்கும்போதுதான் வண்டி தன் வியாதியைச் சொல்லும். கண்ணாடியை இறக்கினா 'டக டக டக'ன்னு டென்ஷனர் அடிக்கிறது கேட்கும்.

முதல்ல போன கடையில ரெண்டு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டுட்டு, "ஆல்டர்னேட்டர் போச்சு சார், புதுசு போட்டுடலாம், 18,000 ஆகும்"னு சொன்னாங்க. சார்ஜ் ஆகுதான்னு மீட்டர் வெச்சுக் கூடப் பார்க்கல. ரெண்டாவது கடையில இன்னும் சுலபமான வழி சொன்னாங்க: "புல்லி உள்ள கிளட்ச் புடிச்சிக்கிச்சு. வெல்டிங் வெச்சு லாக் பண்ணிடறேன். 500 ரூபா குடுங்க போதும்." ரெண்டு கடையையும் ஒப்பிட்டா ரெண்டாவது ஆளுக்கு வியாதி என்னன்னு சரியா தெரிஞ்சிருக்கு. ஆனா வைத்தியம்தான் மோசம். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

எங்க பக்கத்துத் தெருவுல ஒரு பெரியவர் இருக்கார். விழுப்புரத்தைத் தலைமையிடமா வெச்சு ஓடற அரசுப் போக்குவரத்துக் கழகம் தந்தை பெரியார் பேர்ல இருந்த காலத்துலயே பணிமனையில எலக்ட்ரீசியனா சேர்ந்து, ரிட்டையர் ஆனவர். இந்த ஊர்ல பஸ் எலக்ட்ரிக்கல் தெரிஞ்ச ஆளுங்களுக்குப் பஞ்சமே கிடையாது. தெருவுக்கு ஒருத்தராவது இருப்பார். அவர்கிட்ட போய்ச் சொன்னேன்.

"சார்ஜ் ஏறுதா?"

"ஏறுதுங்க ஐயா. பேட்டரி லைட் எரியல."

"அப்ப டைனமோ நல்லாத்தான் கீது. பெல்ட்டக் கழட்டிட்டுக் கூப்புடு தம்பி, அத்தக் கையால சுத்திப் பாத்தாத் தெரிஞ்சிடும்."

ஆல்டர்னேட்டர்னு அவர் வாயில வரவே வராது, டைனமோதான். அவர் வேலை கத்துக்கிட்ட காலத்து வண்டிங்கள்ல உண்மையாவே டைனமோதான் இருந்துச்சு. பழைய அம்பாசடர் ஓட்டினவங்களுக்கு ஞாபகம் இருக்கும்: சிக்னல்ல ஐடிலிங்ல நின்னா ஹெட்லைட் மங்கிப் போகும். டைனமோவுல கரன்ட் சுழலுற ஆர்மேச்சர்ல உற்பத்தி ஆகி, கம்யூட்டேட்டர் வழியா வெளிய வரணும். அதை ரொம்ப வேகமா சுத்த விட முடியாது, அதனால மெதுவா சுத்தும்போது கரன்ட் போதாது. ஆல்டர்னேட்டர்ல கரன்ட் உற்பத்தி ஆகிற காயில் அசையாம நிக்குது. காந்தம்தான் உள்ள சுழலுது. மூணு ஃபேஸ் மாறுமின்னோட்டம் வரும், அதை டையோடுங்க நேர்மின்னோட்டமா மாத்திடும். சிலிக்கான் டையோடு மலிவானதுக்கு அப்புறம்தான் இது காருக்குள்ள நுழைஞ்சது. 1960ல அமெரிக்காவுல கிரைஸ்லர் தன்னோட வேலியன்ட் கார்ல ஆல்டர்னேட்டரை வெச்சுக் கொடுத்துச்சு. அதுக்கு அடுத்த வருஷம், 1961ல, நம்ம சென்னை பாடியில லூகாஸ் டிவிஎஸ் ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு இந்தியாவுல ஓடற எத்தனையோ வண்டிங்களோட செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் அங்க இருந்து வந்ததுதான்.

சரி, புல்லிக்கு வருவோம். கொஞ்சம் கணக்கு இருக்கு, பொறுத்துக்குங்க.

கிராங்க் புல்லி பெருசு, ஆல்டர்னேட்டர் புல்லி சின்னது. அதனால இன்ஜின் ஒரு சுத்து சுத்தினா ஆல்டர்னேட்டர் ரெண்டரை, மூணு சுத்து சுத்தும். ஐடிலிங்ல இன்ஜின் நிமிஷத்துக்கு 800 சுத்துன்னா, ஆல்டர்னேட்டர் 2,000க்கு மேல. நெடுஞ்சாலையில கொஞ்சம் மிதிச்சு 4,000 தொட்டா, உள்ள இருக்கிற ரோட்டர் 10,000த்துக்கு மேல சுத்திக்கிட்டு இருக்கும். அந்த ரோட்டர் இரும்பும் செம்புக் கம்பியும் சேர்ந்த கனமான உருளை. பெல்ட் சுத்துற சாமான்கள்லயே, வேகத்தைச் சட்டுனு மாத்திக்க ரொம்ப முரண்டு பிடிக்கிறது அதுதான்.

இந்தப் பக்கம் டீசல் இன்ஜின். நாலு சிலிண்டர்னா கிராங்க் ஒரு சுத்துக்கு ரெண்டு வெடிப்பு. 800 சுத்துல நிமிஷத்துக்கு 1,600, அதாவது நொடிக்கு 26, 27 அடி. ஒவ்வொரு அடிக்கும் கிராங்க் ஒரு எட்டு வேகமாகும், அடுத்த சிலிண்டர் காத்தை அழுத்தும்போது வேகம் குறையும். டாக்கோமீட்டர் முள் அசையாம நிக்கும், ஆனா கிராங்க் நொடிக்கு 26 தடவை முன்ன பின்ன இழுபடுது. டீசல்ல அழுத்த விகிதம் அதிகம்ங்கிறதால இந்த உலுக்கல் பெட்ரோலைவிட ரொம்பக் கூடுதல். கிராங்க் வேகம் குறையும்போது ரோட்டர் குறைய மாட்டேங்குது. நடுவுல மாட்டிக்கிட்டது பெல்ட். ஒரு பக்கம் இழுத்து, ஒரு பக்கம் தளர்ந்து, வழுக்கி, கத்தி, டென்ஷனரையும் ஆட்டி வைக்கும்.

இதுக்கு வந்த தீர்வுதான் ஒருவழி கிளட்ச் புல்லி. சைக்கிள்ல பெடலை நிறுத்தினாலும் பின் சக்கரம் தன் பாட்டுக்கு ஓடுதே, அந்த ஃப்ரீவீல் மாதிரிதான். இன்ஜின் இழுக்கும்போது புல்லி பிடிச்சுக்கும், ரோட்டரைச் சுத்தும். இன்ஜின் மெதுவாகும்போது விட்டுடும், ரோட்டர் தன் வேகத்துல போகட்டும்னு. நொடிக்கு 26 தடவை பிடிச்சு, 26 தடவை விடுது. சைக்கிள்ல பல்லும், அதைக் கவ்வுற 'நாயும்' இருக்கும். இதுக்குள்ள மெல்லிய உருளைங்க சாய்வான பள்ளத்துல உட்கார்ந்து, ஒரு பக்கம் சுத்தினா இறுகும், மறுபக்கம் சுத்தினா தளரும். ஜெர்மனியோட ஐஎன்ஏ, கனடாவோட லிட்டென்ஸ் மாதிரி கம்பெனிங்க இதுல பேர் போனவங்க. லிட்டென்ஸோடது இன்னும் ஒரு படி மேல. பிடிக்கிற பக்கமும் உள்ள ஒரு ஸ்பிரிங் இருந்து அடியைத் தாங்கிக்கும். அந்த வகையில புல்லியைக் கையால சுத்தினா சட்டுனு பிடிக்காம, விறைப்பா கொஞ்சம் தூரம் போய் எதிர்க்கும். அதைப் பார்த்துட்டு 'கெட்டுப் போச்சு'ன்னு நினைச்சுடாதீங்க.

இப்ப வெல்டிங் ஏன் மோசம்னு புரியும். கிளட்ச்சை வெல்டு பண்ணிட்டா அது சாதா புல்லி. நொடிக்கு 26 உலுக்கலும் மறுபடி பெல்ட் தலையில. வண்டி ஓடும், சார்ஜும் ஏறும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழிச்சு டென்ஷனர் ஆடிப் போகும், பெல்ட் நூல் பிரியும். பெல்ட் அறுந்தா சார்ஜிங் மட்டும் நிக்காது. பல வண்டியில அதே பெல்ட்டுதான் வாட்டர் பம்ப்பையும் ஏசியையும் சுத்துது. சில இன்ஜின்ல அறுந்த பெல்ட்டோட நூல் கிராங்க் புல்லிக்குப் பின்னாடி சுருண்டு போய் டைமிங் பெல்ட்டையே காலி பண்ணினதும் உண்டு. இன்னொண்ணு, வண்டியிலயே வெச்சு ஆர்க் வெல்டிங் அடிச்சா அந்தக் கரன்ட் ஆல்டர்னேட்டர் பேரிங் வழியாவும் டையோடுங்க வழியாவும் பாயலாம், ஈசியூவையும் பதம் பார்க்கலாம். 500 ரூபாய் வைத்தியத்துக்கு இது தேவையா?

நம்ம பக்கத்துல இந்தக் கோளாறு இப்ப அதிகமா கண்ணுல படறதுக்கு ஒரு காரணம் உண்டுன்னு நினைக்கிறேன். ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்த புயல், கடந்த பிறகும் நகராம அப்படியே நின்னு கொட்டித் தீர்த்துச்சு. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல இருக்கிற மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல ரயில் பாலத்தைத் தண்ணி தொட்டு, தென் மாவட்ட ரயிலெல்லாம் நின்னுச்சு. சாத்தனூர் அணையைத் திறந்ததுல தென்பெண்ணை பொங்கி, அரசூர் பக்கம் சென்னை - திருச்சி சாலையே ஆறாப் போச்சு. எங்க தெருவுல எத்தனையோ வண்டிங்க சக்கரம் முழுகத் தண்ணியில நின்னுச்சு. என்னோடதும்தான்.

வெள்ளத்துல நின்ன வண்டின்னா எல்லாரும் இன்ஜினுக்குள்ள தண்ணி போச்சா, சீட்டு நனைஞ்சுதான்னுதான் பார்ப்போம். ஆல்டர்னேட்டர் பல வண்டிகள்ல இன்ஜினோட கீழ்ப் பாகத்துல, முன் பக்கம் தொங்குது. தண்ணி முதல்ல அதைத்தான் பிடிக்கும். காத்துப் போக வரத் துவாரம் விட்ட சாமான் அது, தண்ணிய நிறுத்தற வழியே இல்ல. வண்டலும் உள்ள போய் உட்காரும், கார்பன் பிரஷ் பக்கம் ஒட்டிக்கும். கிளட்ச் புல்லிக்கு மட்டும் முன்னாடி ஒரு பிளாஸ்டிக் மூடி, பின்னாடி ஒரு சீல். மூடி சரியா இருந்தா புல்லி தப்பிக்கும். மூடி இல்லேன்னா சேத்துத் தண்ணி உள்ள போய் கிரீஸைக் கழுவிடும். அப்பவே ஒண்ணும் தெரியாது. மாசக்கணக்குல ஓடி, துருப்பிடிச்சு, ஒருநாள் உருளைங்க இறுகிப் போகும். அந்த நேரத்துல யாருக்கும் வெள்ளம் ஞாபகத்துல இருக்காது.

சோதனை ரொம்ப எளிசு. பெரியவர் செஞ்சு காட்டினது இதுதான். பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டிட்டு, பெல்ட்டை எடுத்துட்டு, ஆல்டர்னேட்டரோட காத்துத் துவாரம் வழியா ஒரு மரக்குச்சியை விட்டு உள்ள இருக்கிற ஃபேன் பிளேடைத் தடுத்துப் பிடிக்கணும். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், காயில் வார்னிஷ் கிழிஞ்சா செலவு வேற மாதிரி போகும். ரோட்டர் சுத்தாம பிடிச்சுக்கிட்டு விரலால புல்லியைத் திருப்பிப் பாருங்க. இன்ஜின் சுத்துற திசையில திருப்பினா பிடிக்கணும். எதிர்த் திசையில இழைஞ்சு, சத்தமில்லாம ஓடணும். ரெண்டு பக்கமும் பிடிச்சா இறுகிப் போச்சு, பெல்ட் கத்தறது அதனாலதான். ரெண்டு பக்கமும் ஓடினா கிளட்ச் வழுக்குது. அப்ப இன்ஜின் ஓடும், பெல்ட் ஓடும், ஆனா ரோட்டர் சும்மா இருக்கும், பேட்டரி லைட் எரியும். அந்த நிலையில ராத்திரி ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டுக்கிட்டு நெடுஞ்சாலைக்குப் போகாதீங்க. காமன் ரெயில் டீசலுக்குக் கரன்ட் இல்லாம இன்ஜினே ஓடாது.

என்னோடது ரெண்டு பக்கமும் பிடிச்சுது. "பாத்தியா, டைனமோ மேல பழியப் போட்டானுங்க"ன்னு பெரியவர் சிரிச்சார்.

இன்னொரு விஷயமும் அவர் சொன்னார், பெல்ட் சத்தத்தைப் பத்தி. ஓடிக்கிட்டு இருக்கிற பெல்ட்டோட வரிப் பக்கம் கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பார்க்கணும். சத்தம் ஒரு நிமிஷம் அடங்கித் திரும்ப வந்தா, புல்லிங்க நேர்கோட்டுல இல்லைன்னு சந்தேகப்படணும். தண்ணி பட்டதும் சத்தம் கூடினா பெல்ட் இழுவை போதல. பெல்ட்டுக்கு சோப்பு தேய்க்கிறது, பவுடர் போடறது எல்லாம் சத்தத்தை மறைக்குமே தவிர எதையும் சரி பண்ணாது. தண்ணி தெளிக்கும்போது கையும் சட்டை நுனியும் பெல்ட்டுக்கு தூரத்துல இருக்கட்டும்.

சாமான் வாங்க சென்னைதான். விழுப்புரத்துலயே ஸ்பேர் கடைங்க இருக்கு, ஆனா புல்லி மட்டும் தனியா கேட்டா "அசெம்பிளியாத்தான் வரும்"ங்கிற பதில் வந்துச்சு. ரயில் ஏறி எழும்பூர்ல இறங்கினா புதுப்பேட்டை நடந்து போற தூரம். பழைய சாமான் அங்க கிடைக்கும். இந்தச் சாமானைப் பழசா வாங்கறதுல அர்த்தமே இல்ல, உள்ள எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு பார்க்க வழி கிடையாது. புதுசுக்கு ஜிபி ரோடு. வண்டி மாடல் மட்டும் சொல்லி வாங்காதீங்க. ஒரே மாடல்ல ரெண்டு மூணு விதமான ஆல்டர்னேட்டர் வந்திருக்கும். ஆல்டர்னேட்டர் முதுகுல ஒட்டியிருக்கிற நம்பரை போட்டோ எடுத்துக்கிட்டுப் போங்க. புல்லியில எத்தனை வரி (என்னோடது 6), வெளி விட்டம், உள் மரை, முன் முகத்துல இருந்து முதல் வரி வரைக்கும் உள்ள தூரம், இந்த நாலும் பொருந்தணும். கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம். ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் முன்ன பின்ன இருந்தா பெல்ட் ஓரம் பிசிர் பிசிரா வந்துடும். கடையிலயே விரலை உள்ள விட்டுத் திருப்பிப் பாருங்க. கிளட்ச் புல்லின்னு சொல்லி, உள்ள எதுவும் இல்லாத வெறும் இரும்பை விக்கிறதும் நடக்குது. எனக்கு நல்ல கம்பெனி புல்லி 2,000 சொச்சத்துக்குக் கிடைச்சது.

பெல்ட்டையும் சேர்த்து மாத்திட்டேன். பெல்ட் நம்பரைப் படிக்கத் தெரிஞ்சுக்கிட்டா கடைக்காரர் ஏமாத்த முடியாது. 6பிகே1750ன்னு இருந்தா ஆறு வரி, நீளம் 1,750 மில்லிமீட்டர். பிகேங்கிறது வரியோட வடிவம், வரிக்கு வரி 3.56 மில்லிமீட்டர் இடைவெளி. இப்ப வர்ற ஈபிடிஎம் ரப்பர் பெல்ட்டுங்க பழைய பெல்ட் மாதிரி சீக்கிரம் வெடிக்காது. பார்க்க நல்லாவே இருக்கும், வரிப் பள்ளம் மட்டும் தேய்ஞ்சு அகலமாகியிருக்கும். வெடிப்பு இல்லைங்கிறதால பெல்ட் நல்லாயிருக்குன்னு அர்த்தம் இல்ல.

அடுத்தது டூல். சாதா ஸ்பேனர் எதுவும் இதுக்கு உதவாது. மூடியைக் கழட்டினா புல்லி வாய்ல உள்பக்கமா 33 பல் இருக்கும். அதுக்கும் உள்ள, ஆல்டர்னேட்டர் ஷாஃப்ட்டோட நுனியில பன்னிரண்டு முனை நட்சத்திரக் குழி. வெளிப் பல்லுக்கு ஒரு சாக்கெட், அதோட நடுத் துளை வழியா ஷாஃப்ட்டைப் பிடிக்க எம்10 பிட். ஒண்ணு புல்லியைத் திருப்பும், இன்னொண்ணு ஷாஃப்ட் சுத்தாம நிறுத்தும். சில வண்டியில நட்சத்திரத்துக்குப் பதிலா டார்க்ஸ் டி50 வரும். ரெண்டும் இருக்கிற கிட் ஆன்லைன்ல கிடைக்குது. அதை வாங்கறதுக்கு முன்னாடி மூடியைக் கழட்டிப் பார்த்துட்டு வாங்குங்க.

ஞாயித்துக்கிழமை காலையில வேலையை ஆரம்பிச்சேன். முன் சக்கரம் ஒண்ணைக் கழட்டி, ஸ்டாண்டு வெச்சு நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில கையை விடறது தற்கொலைக்குச் சமம். பேட்டரி நெகட்டிவ்தான் முதல்ல. இதுல சமரசமே கிடையாது. ஆல்டர்னேட்டர் முதுகுல ரப்பர் தொப்பி போட்ட தடி ஒயர் ஒண்ணு வரும், அது நேரா பேட்டரி பாசிட்டிவ். சாவி ஆஃப்ல இருந்தாலும் அதுல கரன்ட் உண்டு. ஸ்பேனர் அதையும் பாடியையும் ஒரே நேரத்துல தொட்டா வெல்டிங் பொறிதான்.

பெல்ட் எந்த வழியா வளைஞ்சு போகுதுன்னு மொபைல்ல போட்டோ. டென்ஷனரை நீள ரிங் ஸ்பேனரால தளர்த்தி, அதுல இருக்கிற சின்ன ஓட்டையில ஆலன் கீயைச் சொருகினா அப்படியே நின்னுக்கும். பெல்ட் கழண்டு வந்துடும். தடி ஒயர் நட்டு, கப்ளர், ரெண்டு போல்டு. ஆல்டர்னேட்டர் கையில. சில சமயம் ஆல்டர்னேட்டரோட அலுமினியக் கை அரிச்சுப் போய்ப் பிடிச்சுக்கும். முன்ன பின்ன ஆட்டித்தான் எடுக்கணும், சுத்தியல் வேண்டாம். என் வண்டியில கீழ் வழியா வந்துச்சு. சில வண்டியில மேல் வழியா, ரேடியேட்டர் ஃபேனைக் கழட்டினாதான் வரும். அந்த மாதிரி வண்டின்னா வீட்டுல வேண்டாம், நல்ல மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்துடறது உத்தமம்.

மூடி என் வண்டியில ஏற்கெனவே பாதி உடைஞ்சிருந்தது. மீதியைச் சின்ன ஸ்குரூ டிரைவரால நெம்பி எடுத்தேன். உள்ள 33 பல்லும் தெரியல, முழுக்க வண்டல் இறுகிக் கிடந்துச்சு. ஃபெஞ்சல் விட்டுட்டுப் போன மண்ணுதான், வேற எங்க இருந்து வரப் போகுது? பழைய டூத் பிரஷ்ஷும் டீசலும் வெச்சுத் தேய்ச்சேன். ஒவ்வொரு பல்லும் பளிச்சுனு தெரியற வரைக்கும் விடக் கூடாது. சாக்கெட் பாதி ஆழத்துல உட்கார்ந்தா பல் வழிச்சுடும், அதுக்கப்புறம் லேத் பட்டறைதான் கதி. சீல் ஓரத்துல இருந்து எடுத்த கிரீஸ் செம்பழுப்பா காஞ்சு போய், நகத்தால சுரண்டினா பொடியா உதிர்ந்துச்சு.

பிட்டை வைஸ்ல செங்குத்தா பிடிச்சு, ஆல்டர்னேட்டரைக் குப்புற அதன் மேல உட்கார வெச்சு, சாக்கெட்டை ஸ்பேனரால திருப்பற முறையைப் பெரியவர் சொல்லிக் கொடுத்தார். ஆல்டர்னேட்டர் உடம்பை வைஸ்ல நெரிச்சா அலுமினியம் வெடிக்கும். சாதாரண வலது மரைதான், புல்லியை முன்னாடி இருந்து பார்த்தா எதிர்க் கடிகாரச் சுத்து. குப்புற வெச்சிருக்கும்போது திசை குழம்பும், அதனால மார்க்கரால அம்புக்குறி போட்டுக்குங்க. ஓட்டத்துலயே தன்னைத் தானே இறுக்கிக்கிற மரை இது. லேசுல விடாது. துரு எண்ணெய் விட்டு, டீ குடிச்சுட்டு வந்து, ஸ்பேனருக்கு ஒரு பைப்பை நீட்டிச்சு அழுத்தினதும் 'டக்'குனு ஒரு சத்தம். உயிரே போயிடுச்சு, ஷாஃப்ட் உடைஞ்சுதோன்னு. இல்ல, மரைதான் விட்டுச்சு.

"அவ்ளோதான், இனிமே கையாலயே வரும்"னார் பெரியவர்.

புது புல்லியைப் போடறதுக்கு முன்னாடி ஆல்டர்னேட்டர் ஷாஃப்ட்டைக் கையால சுத்திப் பார்க்கணும். பேரிங் கரகரன்னா இதோட சேர்த்து மாத்திடறதுதான் புத்திசாலித்தனம், திரும்பக் கழட்டற வேலை மிச்சம். என்னோடது நல்லாவே இருந்துச்சு. பிரஷ் பக்கத்து மண்ணை மட்டும் காத்து அடிச்சு எடுத்தேன். மரையைச் சுத்தம் பண்ணி, புல்லியைக் கையால முழுசா ஏத்தி, அப்புறம் டார்க் ரென்ச். பெரும்பாலும் 80 நியூட்டன் மீட்டர் பக்கம் வரும், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல பாருங்க. ஏர் கன் வெச்சு இறுக்க வேண்டாம், உள்ள இருக்கிற உருளைங்களுக்கு அந்த அடி ஆகாது. கடைசியா, புதுசோட வந்த மூடி. விரல் நுனியால அழுத்தினா 'க்ளிக்'னு உட்காரும். பத்து ரூபாய் பெறுமானம் இல்லாத சாமான், ஆனா இந்த மொத்தச் செலவும் அது உடைஞ்சதால வந்ததுதான்.

மாட்டினதுக்கு அப்புறம் மல்டிமீட்டர். இன்ஜின் ஓடாதப்ப பேட்டரியில 12.6 வோல்ட். ஸ்டார்ட் பண்ணினதும் 14.2. ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டும் 13.8க்குக் கீழ இறங்கல. எல்லாம் போட்ட நிலையில 13க்கும் கீழ வந்தா ஆல்டர்னேட்டர் மேல சந்தேகப்படலாம். 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போச்சு, அப்படியே ஓட்டினா பேட்டரியும் போகும். இந்த ரெண்டு நம்பரையும் பார்க்காம ஆல்டர்னேட்டர் போச்சுன்னு சொல்ற கடையை நான் நம்ப மாட்டேன். ஒரு மல்டிமீட்டர் விலை இன்னிக்கு 300, 400 ரூபாய்தான்.

டென்ஷனர் இப்ப அசையாம நிக்குது, நிறுத்தும்போது கீச் சத்தமும் போயிடுச்சு. பழைய புல்லியைப் பெரியவர் கேட்டு வாங்கிக்கிட்டார். அறுத்து உள்ள எப்படி இருக்குன்னு பேரனுக்குக் காட்டணுமாம்.

ஒண்ணு கேட்டுக்கறேன். 2024 மழையில தண்ணியில நின்ன வண்டி உங்க வீட்டுல இருந்தா, அடுத்த சர்வீஸுக்கு விடும்போது ஆல்டர்னேட்டர் புல்லிக்கு மூடி இருக்கான்னு மட்டும் பார்க்கச் சொல்லுங்க. இல்லேன்னா, இறுகறதுக்கு முன்னாடி சுத்திப் பார்க்கச் சொல்லுங்க. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் யாருக்காவது அந்த 33 பல் சாக்கெட் தேவைப்பட்டா தாராளமா வந்து வாங்கிட்டுப் போகலாம். வாடகை வேண்டாம். ஆனா மண்ணைத் துடைச்சுத் திருப்பிக் கொடுத்துடணும்.